குவில்ட் குழுவுக்கு வெளியிலிருந்து பேச்சாளர், பட்டறை: எப்படித் தேர்வு செய்கிறீர்கள்?

ஊசிநூல்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, பஞ்சு வைத்து அடுக்கித் தைக்கும் விரிப்பு) குழுவில் வரும் ஆண்டுக்கான நிகழ்ச்சிப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். மாதம் ஒரு கூட்டம். முப்பது பேர் போல வருவார்கள். ஊசியில் நூல் கோக்கவே இப்போதுதான் பழகுபவர்களும் உண்டு, கண்காட்சிக்கு அனுப்பிப் பரிசு வாங்கியவர்களும் உண்டு.

பாதிப் பேருக்கு உட்கார்ந்து கேட்கிற மாதிரி பேச்சு வேண்டும், பழைய குவில்ட்களைப் பார்க்க வேண்டும். மீதிப் பேர், "பேச்செல்லாம் வேண்டாம், கையில் வேலை கொடு" என்கிறார்கள். போன தடவை ஒரு முழுநாள் பட்டறை நடந்தது. ஆசிரியர் கெட்டிக்காரர்தான், ஆனால் மாலையில் பெரும்பாலானோர் பாதி பிளாக்கோடு (குவில்ட்டின் ஒரு கட்டத் துண்டு) வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பாதி பிளாக்குகள் இன்றும் பையிலேயேதான் இருக்கின்றன.

யாரைக் கூப்பிடுவது, எதைப் பார்த்து முடிவு செய்வது, எவ்வளவு முன்னதாகக் கேட்பது என்று எதுவும் பிடிபடவில்லை. நடத்தியவர்கள் சொல்லுங்கள். சொல்லிக்கொடுப்பவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் பக்கமும் தெரிந்தால் நல்லது.

மூணுஅடுக்கு:
வாழ்த்துகளா அனுதாபமா என்று தெரியவில்லை, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பொறுப்பை நான் பல வருஷம் பார்த்தவள்.

முதலில் பேச்சையும் பட்டறையையும் மனதில் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். நிறைய குழுக்கள் ஒரே ஆளை அழைத்து, முதல் நாள் மாலை பேச்சு, மறுநாள் பட்டறை என்று வைக்கும். பயணச் செலவு ஒன்றுதானே என்ற கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அருமையாகப் பேசுபவருக்குப் பதினைந்து மெஷின்களுக்கு நடுவே நடந்து, ஒருத்தர் தையலைப் பார்த்ததும் "மேல்நூல் டென்ஷன் இறுகியிருக்கு" என்று சொல்லும் பொறுமை இருக்க வேண்டுமென்பதில்லை. பட்டறையில் தெய்வம் மாதிரி இருந்தவர் மேடையில் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி எல்லாரையும் தூங்க வைத்ததும் உண்டு. இரண்டுக்கும் ஒரே ஆள் என்றால், இரண்டையும் நடத்தி அவரை நேரில் பார்த்தவர் ஒருவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பட்டறைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க நான் முதலில் கேட்பது, அவர் மாணவர்களுக்கு அனுப்பும் பொருள் பட்டியல். அதிலேயே பாதி தெரிந்துவிடும். "பல நிறத் துணிகள், தேவையான அளவு" என்று இருந்தால் நான் அடுத்த ஆளைத் தேடுவேன். "வெளிர் நிறத்தில் அரை மீட்டர், அடர் நிறத்தில் அரை மீட்டர், பெரிய பூ போட்டது வேண்டாம், இத்தனை சதுரங்களை இந்த அளவில் வீட்டிலேயே வெட்டி, எண் ஒட்டிக்கொண்டு வாருங்கள்" என்று இருந்தால், அவர் பத்துத் தடவையாவது இந்த வகுப்பை எடுத்திருக்கிறார், எங்கே நேரம் வீணாகும் என்று அவருக்குத் தெரியும்.

உங்கள் பாதி பிளாக் கதைக்குக் காரணமும் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆறு மணி நேரப் பட்டறையில் துணி தேர்வு, வெட்டுதல், புது உத்தி, இணைத்தல் எல்லாம் வைத்தால் எதுவும் முடியாது. உத்தி ஒன்று. அதை மூன்று நான்கு தடவை கை செய்து பார்க்க வேண்டும். குவில்ட் முடிய வேண்டிய அவசியமே இல்லை, அந்த உத்தி கைக்கு வந்தால் போதும்.

நாளைப் பொறுத்தவரை, பெயர் பெற்ற ஆசிரியர்களுக்கு ஓராண்டு, இரண்டாண்டு முன்பே கேட்டால்தான் தேதி கிடைக்கும். பக்கத்துக் குழுக்களோடு பேசி அடுத்தடுத்த நாள்களில் வைத்துக்கொண்டால் பயணச் செலவு பங்காகும், ஆசிரியருக்கும் ஒரே பயணத்தில் இரண்டு மூன்று வகுப்பு.

எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியவை: சம்பளம், பயணம், தங்குமிடம் யார் பொறுப்பு, மாணவர் எண்ணிக்கையின் மேல் வரம்பு, குறைந்தது எத்தனை பேர் சேராவிட்டால் ரத்து, ரத்து செய்ய கடைசித் தேதி, கிட் (ஆசிரியரே கட்டித் தரும் பொருள் தொகுப்பு) இருந்தால் அதற்கான பணம் யாரிடம். "நமக்குள்ளே தெரிஞ்சவங்கதானே" என்று விடாதீர்கள். தெரிந்தவர்களோடு வரும் மனக்கசப்புதான் நாள்பட நிற்கும்.

பாபின்தீர்ந்துபோச்சு:
மின்சாரம்! யாரும் சொல்ல மாட்டேங்கிறீங்களே. ஆசிரியர் வாயைத் திறந்து முதல் வாக்கியம் முடிக்கலை, மூணு பேர் ஒரே நேரத்துல இஸ்திரிப் பெட்டியைப் போட்டாங்க, கூடமே இருட்டு. சாவி வச்சிருந்த ஆள் ஊரிலேயே இல்லை.

கால்அங்குலம்:
நான் சொல்லிக்கொடுக்கும் பக்கத்தில் இருப்பவன். ஊசிநூல் கேட்டதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மேலே சொன்ன மின்சாரம் சிரிப்பு விஷயமில்லை. வீட்டுத் தையல் மெஷின் சுமார் 100 வாட் எடுக்கும். இஸ்திரிப் பெட்டி ஒவ்வொன்றும் 1000 வாட்டுக்கு மேல். பதினைந்து மெஷின்கள் சேர்ந்து இழுப்பதை ஒன்றிரண்டு இஸ்திரிப் பெட்டிகளே இழுத்துவிடும். ஆகவே இஸ்திரி மேசைகளைக் கூடத்தின் இரண்டு மூலைகளில், வெவ்வேறு ஃபியூஸில் உள்ள பிளக்குகளில் வையுங்கள். எந்தப் பிளக் எந்த ஃபியூஸ் என்பதை முந்தின நாளே ஒருவர் போய்ப் போட்டு அணைத்துப் பார்க்க வேண்டும். நடைபாதையில் ஓடும் எக்ஸ்டென்ஷன் வயர்களை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

அடுத்து மேசை உயரம். தைக்கும் மேசையில் நின்று வெட்டினால் மதியத்துக்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். வெட்ட 36 அங்குல உயரம் வேண்டும். மேசைக் கால்களுக்கு அடியில் குழாய்த் துண்டு சொருகி உயர்த்தினாலும் போதும்.

இனி என் பெயருக்கே காரணமான விஷயம். எந்தப் பட்டறையானாலும் முதல் பத்து நிமிடத்தில் நான் செய்யவைக்கும் சோதனை இது. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று துணிப்பட்டைகள் வெட்டுங்கள். கால் அங்குலம் விட்டு மூன்றையும் பக்கவாட்டில் சேர்த்துத் தையுங்கள். தையலை ஒரு பக்கமாக மடித்து அழுத்தித் தேய்த்துவிட்டு ரூலர் வையுங்கள். மொத்த அகலம் மூன்றரை அங்குலம், நடுப் பட்டை சரியாக ஒரு அங்குலம் இருக்க வேண்டும். நடுப் பட்டை ஒல்லியாக இருந்தால் தையலுக்கு அதிகம் துணி விடுகிறீர்கள். ஊசியை ஒரு புள்ளி நகர்த்துங்கள், அல்லது மெஷின் தட்டில் டேப் ஒட்டி அதைத் தொட்டுத் துணியை ஓட்டுங்கள். மெஷினோடு வந்த கால் அங்குல ஃபுட்டை (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) நம்பி இதைத் தவிர்க்காதீர்கள். துணி மடிப்பில் திரும்பும்போதே நூல் அளவுக்கு இடம் தின்னும், அதனால் கால் அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவாகவே தைக்க வேண்டியிருக்கும்.

இதற்கு ஏன் இவ்வளவு அலட்டல் என்றால்: தையல் ஒவ்வொன்றிலும் இரு துணிகள் சேர்கின்றன. ஒவ்வொரு பக்கமும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிப்போனால், தையலுக்கு எட்டில் ஒரு பங்கு போகும். எட்டுத் தையல் உள்ள வரிசையில் முழுசாக ஒரு அங்குலம் காணாமல் போய்விடும். பிற்பகல் மூன்று மணிக்கு "என் பிளாக் மட்டும் சின்னதா இருக்கே" என்று வருபவர்கள் எல்லாரும் காலை பத்து மணிக்கே இந்த இடத்தில் தவறியவர்கள்.

அரைச்சதுர முக்கோணத்திலும் (இரண்டு முக்கோணங்கள் சேர்ந்த சதுரம்) அப்படித்தான். முடிந்த அளவு 3 அங்குலம் வேண்டுமென்றால் சதுரத்தை 3⅞ அங்குலத்துக்கு வெட்டுவது கணக்கு. நான் 4 அங்குலம் வெட்டச் சொல்லி, தைத்துப் பிளந்தபின் 3½ அங்குலத்துக்குச் செதுக்கச் சொல்வேன். கிராஸாக வெட்டுப்பட்ட ஓரம் இழுபடும், இஸ்திரியை முன்னும் பின்னும் ஓட்டினால் இன்னும் இழுபடும். வைத்து அழுத்தி எடுக்க வேண்டும்.

எண்ணிக்கையில் பதினாறு தாண்டினால் எனக்கு உதவிக்கு ஒரு ஆள் வேண்டும். செய்துகாட்டும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் சுற்றி நின்றால் பின்வரிசைக்கு என் முதுகுதான் தெரியும். ஆறு ஆறு பேராகக் கூப்பிட்டு மூன்று தடவை காட்டுவேன், அல்லது மேலே ஒரு கேமரா வைத்துத் திரையில் விடுவேன்.

இன்னொன்று, கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன்: புது மெஷினைப் பெட்டி பிரிக்காமல் பட்டறைக்குக் கொண்டுவர விடாதீர்கள். பெடல் வயரை வீட்டில் வைத்துவிட்டு வருபவர் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் நிச்சயம்.

புதுஊசி:
ஒரு சந்தேகம். "எல்லா நிலையினருக்கும்" என்று போட்டிருந்தால் என்னைப் போல ஆரம்ப நிலையில் இருப்பவர் சேரலாமா? போன வகுப்பில் எல்லாரும் சரசரவென்று வெட்டினார்கள். எனக்கு ரோட்டரி கட்டரை, அந்த உருளும் வட்டக் கத்தியை, கையில் பிடிக்கவே பயம்.

மூணுஅடுக்கு:
சேரலாம் புதுஊசி, ஆனால் அந்தச் சொல்லை நம்பிச் சேராதே. "எல்லா நிலையினருக்கும்" என்று போடுவது இடம் நிரப்ப. ஊசிநூல், நீங்கள் அறிவிப்பு எழுதும்போது நிலை என்று எழுதாமல் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள்: உங்கள் மெஷினில் நீங்களே நூல் கோக்கத் தெரிய வேண்டும், ஃபுட் மாற்றத் தெரிய வேண்டும், நேர்க்கோட்டில் தைக்க வர வேண்டும், துணியை நகர்த்தும் மெஷின் பல்லை இறக்கி ஃப்ரீ மோஷன் (துணியைக் கையாலேயே நகர்த்தி) தைத்துப் பார்த்திருக்க வேண்டும். தனக்கு முடியுமா என்று அவரவரே பார்த்துக்கொள்வார்கள்.

ரோட்டரி கட்டர் பயம் நல்ல பயம். விரல்கள் ரூலரின் ஓரத்தைத் தாண்டக் கூடாது, உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளி வெட்ட வேண்டும், கீழே வைக்கும் ஒவ்வொரு தடவையும் பிளேடை மூட வேண்டும். அந்தக் கட்டரை ஒல்ஃபா நிறுவனம் 1979ல் கொண்டுவந்தது. அதற்கு முன் அட்டை வைத்துப் பென்சிலில் கோடு போட்டுக் கத்தரியில்தான் வெட்டினார்கள். இன்றும் அப்படி வெட்டி அழகாகத் தைப்பவர்கள் இருக்கிறார்கள்.

நேர்த்தையல்:
நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுகிறேன். வெளியாள் எதற்கு? முப்பது பேர் இருக்கிற குழுவில் கையால் குவில்ட் செய்பவர், ஓரம் கட்டுவதில் கைதேர்ந்தவர், பழைய மெஷின் பழுது பார்ப்பவர் என்று பத்துப் பேராவது இருப்பார்கள். எங்கள் குழுவில் ஒரு மாதம் நாலு மேசை போட்டோம். மேசைக்கு ஒருவர், இருபது நிமிடம், மணி அடித்தால் அடுத்த மேசை. ஓரப்பட்டையின் மூலை திருப்புவது, பாபின் (கீழ்நூல் உருளை) டென்ஷன் பார்ப்பது, அப்ளிக் (துணிமேல் துணி வைத்து) தைப்பது, மீந்த துண்டுகளைத் தரம் பிரிப்பது. வெளியாளுக்குக் கொடுக்கும் பணம் மிச்சம். அதைவிட, மறுவாரம் சந்தேகம் வந்தால் கேட்க அதே ஆள் இருப்பார். வெளி ஆசிரியர் மாலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்.

ஊசிநூல்:
> வெளியாள் எதற்கு?

உண்மைதான் சார், ஆனால் எங்கள் குழுவில் "நீங்க ஒரு மேசை எடுத்துக்குங்க" என்றால் எல்லாரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். தெரிந்தவர்களே, "எனக்கென்ன தெரியும்" என்கிறார்கள். ஒப்புக்கொண்ட ஒருவருக்கும், "நம்ம ஆள்தானே" என்று கூட்டம் வரவில்லை.

மூணுஅடுக்கு:
கூட்டம் வராததற்குக் காரணம் இலவசம் என்பது. உறுப்பினர் எடுத்தாலும் சம்பளம் கொடுங்கள், வெளியாளுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாக இருந்தாலும் சரி. கொடுத்தால் அவரும் குறிப்பு எழுதி, மாதிரி தைத்து, தயாராக வருவார்.

நேர்த்தையல்:
இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பணம் வந்தால் "அவருக்கு மட்டும் ஏன்" என்று அடுத்த கூட்டத்திலேயே ஆரம்பித்துவிடும். குழு என்றால் தெரிந்ததைப் பகிர்வதுதான். சொல்லிக்கொடுக்கிறவருக்கு வெளி வகுப்பு ஒன்றில் இலவச இடம் கொடுக்கலாம், அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மூணுஅடுக்கு:
இலவச இடமும் பணம்தான், வேறு பையில் இருக்கிறது, அவ்வளவுதான் சார். 😀 சரி, விடுங்கள்.

பழையதுணிப்பெட்டி:
பட்டறை பற்றி எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். பேச்சு கேட்க விரும்பும் அந்தப் பாதிப் பேருக்காக நான் எழுதுகிறேன்.

"குவில்ட்டின் வரலாறு" என்று ஒருவரை அழைக்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் அது எங்கேயும் போய்ச் சேராது. ஒரு குவில்ட், ஒரு ஊர், ஒரு ஆள் என்று குறுகினால்தான் பேச்சு நிற்கும். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர். பழைய வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்த கறுப்பினப் பெண்களின் குவில்ட்கள் 2002ல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் தொங்கின, 2006ல் அமெரிக்கத் தபால்தலைகளிலும் வந்தன. கோடு வளைந்திருக்கும், சதுரம் சதுரமாக இருக்காது. அதைக் காட்டிவிட்டு அடுத்த மாதம் ரூலர் இல்லாமல் வெட்டும் பட்டறை வைத்தால், கால்அங்குலம் சார் மன்னிக்கட்டும், கூடமே கலகலத்துவிடும்.

அடிமைத்தனத்தில் பிறந்த ஹேரியட் பவர்ஸ் தைத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பது இரண்டே குவில்ட்கள். ஒன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில், மற்றது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். அந்த இரண்டை வைத்தே ஒரு மாலை முழுக்கப் பேசலாம். 1987 அக்டோபரில் வாஷிங்டனில் விரிக்கப்பட்ட எய்ட்ஸ் நினைவுக் குவில்ட்டும் அப்படித்தான். அன்று 1,920 துண்டுகள், ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு ஆளைப் புதைக்கும் இடத்தின் அளவு.

நம் பக்கமும் பாருங்கள். கர்நாடகத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற குவில்ட் வெளி ஓரத்தில் தொடங்கி, துண்டு துண்டாக வைத்து, ஓட்டுத்தையலிலேயே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வரும். மேல்துணியைத் தனியாகத் தைத்து, பிறகு பஞ்சு வைத்து, பிறகு அடுக்குகளைச் சேர்ப்பது என்ற வரிசையே அதில் கிடையாது. நாலு மூலையிலும் பூலா என்று மடித்த துண்டுகளை வைப்பார்கள். மெஷின் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், இஸ்திரி வேண்டாம். பாபின்தீர்ந்துபோச்சு கூடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பட்டறை கிடையாது. வங்காளத்தின் காந்தா, சிந்துவின் ரல்லி என்ற கைத்தையல் விரிப்புகளும் இதே மாதிரி தனித்தனிப் பேச்சாக வைக்கத் தகுந்தவை.

ஒரு எச்சரிக்கை. "தப்பியோடும் அடிமைகளுக்கு வழிகாட்ட வேலியில் குவில்ட் தொங்கவிட்டார்கள், ஒவ்வொரு பிளாக்கும் ஒரு ரகசியச் சைகை" என்ற கதையைப் பேச்சாளர்கள் சிலர் இன்றும் சொல்கிறார்கள். 1999ல் வந்த ஒரு புத்தகம் அதைப் பரப்பியது. குவில்ட் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் இதற்கு ஆதாரம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள், அதில் சொல்லப்படும் சில பிளாக்குகள் அந்தக் காலத்துக்குப் பிறகு வந்தவை. அழைக்கும் முன்பே, "இந்தக் கதையைப் பேசுவீர்களா, எப்படிப் பேசுவீர்கள்" என்று கேட்டுவிடுங்கள். அந்த ஒரு பதிலிலேயே அவர் படித்தவரா, கேட்டதைச் சொல்பவரா என்று தெரிந்துவிடும்.

பேச்சாளர் சொந்த குவில்ட்களைக் கொண்டுவந்தால் பிடித்துக் காட்ட உயரமான இருவரை முன்கூட்டியே நிறுத்துங்கள். மோதிரம், வாட்ச் கழற்றி, கையில் பூசிய க்ரீமைக் கழுவிவிட்டு வரட்டும். சுத்தமான விரிப்பு போட்ட மேசையில் வரிசையாக அடுக்கி, காட்டி முடித்ததை வேறு மேசைக்கு மாற்றுங்கள். பழசாக இருந்தால் பார்வையாளர் யாரும் தொட வேண்டாம், பேனா எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

தூரத்துஊசி:
வீடியோ வழி பேச்சாளர்களை யாரும் குறிப்பிடவில்லை. 2020க்குப் பிறகு நிறைய ஆசிரியர்கள் இப்படியும் வருகிறார்கள். பயணம், தங்குமிடம் இல்லாததால் சின்னக் குழுவும் தூர தேசத்து ஆளைக் கேட்கலாம்.

பேச்சுக்கு இது நேரில் வருவதைவிட நல்லது என்றுகூடச் சொல்வேன். கூடத்தில் நாலாம் வரிசையில் உட்கார்ந்தால் தையல் தெரியாது, திரையில் ஒவ்வொரு தையலும் தெரியும். பட்டறை என்றால் யோசிக்க வேண்டும். ஆசிரியருக்கு இரண்டு கேமரா வேண்டும், ஒன்று முகத்துக்கு, இன்னொன்று நேர் மேலிருந்து கைக்கு. ஆனால் உங்கள் மெஷின் போடும் சத்தத்தைக் கேட்டு "நிறுத்துங்க, பாபின் சரியா உட்காரலை" என்று அவரால் சொல்ல முடியாது. அதனால் மெஷின் வேலைக்கு வேண்டாம், கைத்தையல் பட்டறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேள்விகளைச் சேர்த்துக் கேட்க ஒரு ஆள் தனியாக வேண்டும். பதிவு செய்யலாமா, எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

கால்அங்குலம்:
தூரத்துஊசி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஆசிரியர் கொடுக்கும் குறிப்பைப் பிரதி எடுத்து, வராதவர்களுக்குக் கொடுக்காதீர்கள். ஒன்பது சதுரம், லாக் கேபின் (நடுச் சதுரத்தைச் சுற்றிப் பட்டைகள் வைப்பது) மாதிரி மரபான பிளாக்குகள் யாருடைய சொத்தும் இல்லை, யாரும் தைக்கலாம், யாரும் சொல்லிக்கொடுக்கலாம். ஆசிரியர் எழுதிய செய்முறை, வரைந்த படம், அவரே உருவாக்கிய வடிவம் அவருடையவை. வகுப்புக்கு வந்தவரே மறுமாதம் அதே தாளை வைத்து இன்னொரு குழுவில் வகுப்பு எடுத்ததும் எனக்குத் தெரியும்.

பழையதுணிப்பெட்டி அம்மாவுக்கு: ரூலர் இல்லாத பட்டறைக்கு நானே மாணவனாக வருகிறேன்.

ஊசிநூல்:
எல்லாருக்கும் நன்றி. எல்லாவற்றையும் கலந்து ஒரு திட்டம் போட்டிருக்கிறேன், ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

ஆண்டின் தொடக்கத்தில் நேர்த்தையல் சார் சொன்ன நாலு மேசை. பணம் இல்லை, வெளி வகுப்பில் ஒரு இடம். (மூணுஅடுக்கு அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம், குழு வாக்கெடுப்பில் அப்படித்தான் வந்தது.) அதில் ஒரு மேசை கால் அங்குலச் சோதனைக்கு மட்டும். அதைச் செய்துபார்த்தவர்களுக்குத்தான் நடு ஆண்டின் மெஷின் பட்டறையில் முதலில் இடம். அந்தப் பட்டறைக்குப் பக்கத்துக் குழுவோடு சேர்ந்து ஒரு ஆசிரியரிடம் கேட்டிருக்கிறோம், பதினாறு பேர் வரம்பு. பொருள் பட்டியலை இரண்டு மாதம் முன்பே தருவதாகச் சொன்னார், வெட்டிக்கொண்டு வர வேண்டியவற்றைத் தனியாகக் குறித்திருந்தார். பிற்பாதியில் வீடியோ வழி ஒரு பேச்சு, அடுத்த மாதமே கைத்தையலில் கவந்தி.

பாதி பிளாக்கோடு நிற்பவர்களுக்காக, பட்டறைக்கு மறுமாதக் கூட்டத்தின் முதல் ஒரு மணி நேரத்தை விட்டுவைத்திருக்கிறேன். புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை, பட்டறையில் ஆரம்பித்ததை எடுத்துவந்து உட்கார்ந்து தைக்கலாம்.

நேர்த்தையல்:
அந்த ஒரு மணி நேரத்தைக் கடைசியில் வைக்காமல் முதலில் வைத்தது நல்லது. கடைசியில் வைத்தால் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள்.

கால்அங்குலம்:
திட்டம் சரியாக இருக்கிறது. பதிவுப் படிவத்தில் ஒரு கேள்வி சேருங்கள்: இடக்கையா, வலக்கையா? இடக்கைக்காரர்கள் எனக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் எல்லாம் தலைகீழாகக் கை போகும். எதிரே நிறுத்தினால் கண்ணாடியில் பார்ப்பது போல அப்படியே செய்யலாம். ரோட்டரி கட்டரில் சிலவற்றுக்குப் பிளேடை மறுபக்கம் மாற்றிப் பூட்ட வேண்டும், அதையும் வீட்டிலேயே செய்துகொண்டு வரச் சொல்லுங்கள். வெட்டும் மேசையில் அவர்களுக்கு இடது ஓரத்து இடம் கொடுத்தால் பக்கத்து ஆளோடு முழங்கை இடிக்காது.

பாபின்தீர்ந்துபோச்சு:
ஃபியூஸ் பெட்டிச் சாவி யாரிடம் என்பதையும் அதே படிவத்தில் போடுங்க.